40 பவுண்டு நீள்வில், 500 ஸ்பைன் அம்பு: ஏன் இடப்பக்கமே போகிறது?

உங்கள் அம்பு விறைப்பு அதிகம். வலக்கைக்காரர், 27 அங்குல இழுப்பு, 40 பவுண்டு இழுவிசை உள்ள நீள்வில், அம்பு இடப்பக்கமே போகிறது என்கிறீர்கள். அதற்கு 500 ஸ்பைன் (அம்புத் தண்டு எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் எண்) கார்பன் அம்பு வளைந்து கொடுக்காது. நீள்வில்லில் அம்பு நடுக்கோட்டில் உட்காராது, கைப்பிடியைச் சுற்றி நெளிந்துதான் போக வேண்டும். நெளியாவிட்டால் இடப்பக்கம் எகிறும். 600 அல்லது 700 தேடுங்கள். எண் கூடினால் அம்பு இளகும். முதல் முறை நானும் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஒரு டஜன் வாங்கினேன்.

காசு போடும் முன் ஓர் அம்பின் இறகுகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, 15 மீட்டரில் மற்ற அம்புகளோடு எய்து பாருங்கள். மொட்டை அம்பு மற்றவற்றுக்கு இடப்பக்கம் குத்தினால் சந்தேகமே இல்லை. 100 கிரெய்ன் (முனையின் எடையைச் சொல்லும் அலகு) முனையைக் கழற்றி 175 போடுங்கள். முன்பாரம் ஏறினால் அம்பு இளகும், இடைவெளி குறையும். தண்டை மட்டும் வெட்டாதீர்கள், இன்னும் விறைக்கும்.

சோதனையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மதியம் சென்னைக் கடற்காற்று எழுந்தால் மொட்டை அம்பு பொய் சொல்லும்.

இன்னொன்று: நாணை விடும்போது கை முகத்தைவிட்டு வெளியே பிய்த்துக்கொண்டு போனாலும் அம்பு இடப்பக்கம்தான் போகும். யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.