விதை வாங்கும் நேரத்தில் ஒரே வீட்டில் இரண்டு கருத்து: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. வேர்க்கடலையும் கேழ்வரகும் மாற்றி மாற்றிப் பயிரிடுகிறோம். மானியத்தில் கிடைக்கும் புதிய கடலை ரகம் கூடுதலாகக் காய்ப்பதைப் பக்கத்துக் கொல்லையில் நானே பார்த்தேன். ஆனால் என் மனைவியும் அம்மாவும் பழைய ரகமே போதும் என்கிறார்கள். பெண்கள் புதிய ரகங்களை ஏற்கத் தயங்குவது வெறும் பிடிவாதம்தானே?
– குப்பம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: நீங்கள் பக்கத்துக் கொல்லையில் பார்த்தது காயின் எண்ணிக்கையை. உங்கள் வீட்டுப் பெண்கள் பார்ப்பது அந்தக் காய் மண்ணிலிருந்து வெளியே வந்த பிறகு நடப்பவற்றை. கடைசி மழை தவறி மண் இறுகிய பிறகு கொடியைப் பிடுங்கினால், காம்பு வலுவில்லாத ரகத்தில் காய்கள் அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அவற்றைக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து களைக்கொட்டால் கிளறிப் பொறுக்குபவர்கள் பெண்கள். பிடுங்கிய கொடியிலிருந்து காய் பறிப்பதும் அவர்கள்தான். கூடைக் கணக்கில் கூலி வாங்கும் பெண்ணுக்குக் காய் சிறுத்தால் கூடை நிறையக் கூடுதல் நேரமாகும். வேலை அதிகம், கூலி அதே.

அடுத்தது விதை. இயந்திரத்தில் உடைத்தால் பருப்பு பிளந்தும் மேல்தோல் உரிந்தும் முளைப்புத்திறன் குறையும் என்பதால், விதைக்கடலையைக் கையால் உரிக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், உங்கள் மூன்று ஏக்கருக்கு 150 கிலோ பருப்பை விரலால் உரித்தெடுக்க வேண்டும். ஓடு தடித்த ரகமென்றால் எந்தக் கட்டைவிரல் புண்ணாகும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

மாடு இருந்தால் கொடியும் கணக்கில் சேரும். இலைப்புள்ளி நோயைத் தாங்காத ரகம் அறுவடைக்குள் இலையை உதிர்த்து வெறும் குச்சியாக நிற்கும். அது காயை நன்றாகக் கொடுத்திருந்தாலும், பால் ஊற்றி வாரக் கணக்கு வாங்கும் பெண்ணுக்கு நட்டம்தான். நம் பக்கத்தில் நெடுங்காலமாகப் பயிராகும் கொத்து ரகங்களுக்கு (படராமல் குத்தாக வளர்பவை) விதை உறக்கம், அதாவது முதிர்ந்த விதை சில காலம் முளைக்காமல் இருக்கும் தன்மை, கிடையாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் காய் நிலத்திலேயே முளைவிடும். 1940-இல் திண்டிவனத்திலிருந்து வெளிவந்த டி.எம்.வி. 2 போன்ற ரகங்களின் அருமையும் குறையும் பெரியவர்களுக்குக் கைப்பாடம். புதிய ரகத்தைப் பற்றி அப்படிச் சொல்ல அவர்களிடம் இன்னும் எந்த அனுபவமும் இல்லை. அதனால் அவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

கேழ்வரகில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். ஜி.பி.யு. 28 என்ற ரகம் குலைநோய் என்னும் பூஞ்சண நோயைத் தாங்குவதால் பெரிதும் விரும்பப்பட்டது. விளைச்சல் எவ்வளவு, எத்தனை நாளில் அறுவடை, மண்டியில் என்ன விலை என்பவை ஆண்கள் முதலில் கேட்கும் கேள்விகள். களி கிண்டுபவர் கேட்பது வேறு: மாவு நீரை எவ்வளவு வாங்குகிறது, களி உருண்டை பிடிக்கிறதா அல்லது துழாவும்போதே இளகிப்போகிறதா, காலையில் கிண்டியது கழனியில் மதியம் பிரித்து உண்ணும்போது எப்படி இருக்கிறது என்பவை. கதிரின் வடிவத்தைக்கூட இரண்டு விதமாகப் பார்க்கலாம். விரல்கள் உள்ளே மடங்கி இறுகிய கதிர் பார்ப்பதற்குக் கனமாக இருக்கும். ஆனால் மழை நீரைத் தேக்கி வைத்துக்கொண்டு பூஞ்சணம் பிடிக்கவும் அதற்கு வாய்ப்பு அதிகம் என்று, அதைக் காயவைத்துத் தட்டிப் புடைப்பவர் சொல்வார்.

ஆகவே இந்த வேறுபாடு ஆண், பெண் என்ற பிறப்பிலிருந்து வருவதன்று. அந்தப் பயிரோடு யார் எந்த வேலையைச் செய்கிறார், யார் கையில் எந்த வரவு வந்து சேருகிறது என்பதிலிருந்து வருவது. கணவர் அதிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட, விதைப்பு முதல் விற்பனை வரை தானே பார்க்கும் பெண்கள் குப்பம் பக்கத்தில் உண்டு. அவர்களிடம் கேட்டால் மண்டி விலையைத்தான் முதலில் சொல்வார்கள். ஆண்களே களி கிண்டும் வீட்டில் பதிலும் மாறும். அப்படி ஒரு வீட்டை நான் இன்னும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

கேள்வி: இதெல்லாம் அனுபவப் பேச்சா, அல்லது ஆராய்ந்து பார்த்திருக்கிறார்களா?
– பள்ளிப்பட்டிலிருந்து ஓர் ஆசிரியர்

பதில்: முறையாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். ருவாண்டாவில் 1980-களின் இறுதியில் லூயிஸ் ஸ்பெர்லிங் என்ற ஆய்வாளரும் அந்நாட்டு ஆராய்ச்சி நிலையத்தாரும், பீன்ஸ் பயிரை நன்கறிந்த உழவர் பெண்களை ஆராய்ச்சிப் பண்ணைக்கே அழைத்துச் சென்று, வெளியிடப்படாத ரகங்களிலிருந்து தங்களுக்கு வேண்டியவற்றைப் பொறுக்கச் சொன்னார்கள். அந்நாட்டில் பல நிற பீன்ஸ் விதைகளைக் கலந்தே விதைப்பார்கள். எந்த மண்ணுக்கு எந்தக் கலவை பொருந்தும் என்ற அறிவு பெண்களிடம் இருந்தது. அவர்கள் தேர்ந்தவை அவர்களுடைய நிலங்களில் விஞ்ஞானிகளின் தேர்வைவிட நன்றாக விளைந்தன. இங்கே கவனிக்க வேண்டியது, பெண்கள் சுவையை மட்டும் பார்க்கவில்லை, விளைச்சலையும் அவர்களே சரியாகக் கணித்தார்கள் என்பது.

நைஜீரியாவில் மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவி, துருவி, புளிக்கவைத்து, பிழிந்து, வறுத்து ‘காரி’ என்ற உணவாக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. கிழங்கு எளிதில் சீவ வருகிறதா, நார் குறைவா, வறுத்த பின் எடை நிற்கிறதா என்பவை அவர்களுடைய அளவுகோல்கள். வெறும் டன் கணக்கை நம்பி வெளியிட்ட ரகங்கள் இந்த இடத்தில்தான் அடிவாங்கின. உகாண்டாவின் சமையல் வாழையிலும் நோய் தாங்கும் கலப்பின ரகங்கள் சுவையில் தோற்ற கதை உண்டு.

கேள்வி: தக்காளிக்கும் இது பொருந்துமா?
– மதனப்பள்ளியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: அதிகம் பொருந்தாது. மதனப்பள்ளிச் சந்தைக்கே விளைவிக்கும்போது, தோல் தடித்து, லாரியில் நசுங்காமல் போகும் காய் வேண்டும் என்பதில் வீட்டில் இருவருக்கும் ஒரே கருத்துதான். காய் பறிப்பவர் மட்டும், செடி படர்ந்து கிடக்கிறதா, குச்சி கட்டி நிமிர்த்தப்பட்டிருக்கிறதா என்று கேட்பார். அவருடைய முதுகு கேட்கும் கேள்வி அது.

கேள்வி: நிலம் என் கணவர் பெயரில் இருக்கிறது. ரகங்களைப் பற்றிய கூட்டம் நடக்கும்போது அவரைத்தான் அழைக்கிறார்கள். நான் போனாலும் பின்வரிசைதான். என் கருத்தை எப்படிச் சொல்வது?
– பலமநேர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் வருத்தத்துக்குக் காரணம் ஏட்டில் இருக்கிறது. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் சாகுபடி நிலத்தைத் தம் பொறுப்பில் நடத்துவோரில் 100-க்கு ஏறத்தாழ 14 பேர்தான் பெண்கள். பட்டாவில் இருக்கும் பெயரையே பார்த்து ஆள் அழைத்தால், களையெடுப்பவரும் அறுப்பவரும் அரங்குக்கு வெளியே நிற்பார்கள். அழைப்பவர்களிடம், கூட்டத்தை மாலை வேலை நேரத்தில் வைக்காமல், பால் ஊற்றி முடித்த பிறகு வையுங்கள் என்றும், பெண்களைத் தனியாக ஒரு முறை கேளுங்கள் என்றும் நீங்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து கேட்கலாம். மாமனாரும் கணவரும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் “நல்லாத்தான் இருக்கு” என்பதற்கு மேல் ஒரு மருமகள் பேசுவது அரிது.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வோர் உழவருக்கும் மூன்று ரகங்களைக் கொடுத்து, எது மேல், எது கீழ் என்று மட்டும் கேட்கும் எளிய முறை இப்போது பல நாடுகளில் கையாளப்படுகிறது. பீகாரில் கோதுமையில் அதைச் செய்து பார்த்தார்கள். அதையே உங்கள் கொல்லையின் ஓரத்தில் செய்யலாம். உங்கள் பழைய கடலை, மானியத்தில் வரும் ரகம், திருப்பதி ஆராய்ச்சி நிலையத்தின் தரணி போன்ற வறட்சி தாங்கும் ரகம் ஒன்று ஆகியவற்றைத் தலா நான்கு சால் விதையுங்கள். ஒரே நாளில் விதைத்து, ஒரே மாதிரி எருவிடுங்கள். பிடுங்கும்போது மண்ணில் எத்தனை காய் தங்கியது, ஒரு படி காயை உரிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று, கொடியை மாடு மீதம் வைத்ததா, வறுத்தால் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எடையை உங்கள் கணவரே போடட்டும். உரிக்கும் வேலையிலும் ஒரு படி அவர் பங்குக்குக் கொடுங்கள்.

பிடித்த ரகத்தின் விதையை எடுத்து வைக்கவும், அக்கம்பக்கத்தாரோடு மாற்றிக்கொள்ளவும், வணிகப் பெயரிட்டு விற்காதவரை விற்கவும்கூட, 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. அந்த உரிமைக்கு உங்கள் பெயரில் பட்டா இருக்க வேண்டும் என்று அச்சட்டம் கேட்கவில்லை.