4.00 இல்லாவிட்டால் மருத்துவம் இல்லையா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறேன். மகள் ஆறாம் படிவம், அறிவியல் பிரிவு. வேதியியல், உயிரியல், மெத்தமெத்திக் தி (கணிதம்), பெங்காஜியான் அம் (பொதுப் பாடம்) என நான்கு பாடங்கள் எடுத்திருக்கிறாள். முதல் தவணையில் வேதியியல் பி பிளஸ், உயிரியலும் பெங்காஜியான் அம்மும் ஏ மைனஸ், கணிதம் ஏ, மொத்தம் 3.67. இரண்டாம் தவணையில் வேதியியல் மட்டும் ஏ மைனஸ், மற்றவை ஏ, 3.92. புறப்பாடப் புள்ளி இப்போதைக்கு 7.6 என்கிறார் ஆசிரியர். மூன்றாம் தவணைத் தேர்வு வரப்போகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம்தான் வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். "சராசரி 3.80தான் வரும், விண்ணப்பிக்கவே வேண்டாம்" என்கிறார் ஒருவர். "இந்தியப் பிள்ளைக்கு எப்படியும் கொடுக்கமாட்டார்கள், ஏஜெண்ட் மூலம் வெளிநாட்டுக்கு அனுப்பு" என்கிறார் இன்னொருவர். உண்மையில் வாய்ப்பு எவ்வளவு?
– ஒரு தந்தை, சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, முதலில் அந்த 3.80ஐ மறந்துவிடுங்கள். ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம்.மில் தவணைப் புள்ளிகளைக் கூட்டி மூன்றால் வகுப்பதில்லை. மகளுக்கு வந்த 3.67, 3.92 இரண்டும் அந்தந்தத் தவணைக்கு மட்டும் உரிய பி.என்.ஜி. (கிரேடு சராசரி). இறுதியில் வரும் பி.என்.ஜி.கே. (ஒட்டுமொத்தக் கிரேடு சராசரி) வேறு கணக்கு. ஒரு பாடத்தின் மூன்று தவணைத் தாள்களும் பள்ளியில் செய்யும் பணியும் சேர்ந்து ஒரே மதிப்பெண்ணாகும். அந்த மதிப்பெண்ணுக்கு ஒரு கிரேடு. நான்கு பாடங்களின் இறுதிக் கிரேடுகளுக்கு எடுக்கும் சராசரிதான் பி.என்.ஜி.கே. அறிவியல் பாடங்களில் ஒவ்வொரு தவணைத் தாளுக்கும் ஏறக்குறைய 27 விழுக்காடு, பள்ளிப் பணிக்கு 20 விழுக்காடு. ஆக, முதல் தவணையில் வேதியியலில் பி பிளஸ் வாங்கியவர் முடிவில் ஏ வாங்கலாம். சரிந்து பி பிளஸ்ஸிலேயே நிற்கவும் கூடும். இன்னும் எதுவும் முடிவாகவில்லை.

யு.பி.யு. என்ற மைய விண்ணப்ப முறை வழியாகப் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு ஆள் எடுக்கும்போது பார்ப்பது மெரிட் புள்ளி. அதில் 90 கல்விக்கு, 10 புறப்பாடத்துக்கு. கணக்கு வீட்டிலேயே போடலாம்: பி.என்.ஜி.கே.யை 4ஆல் வகுத்து 90ஆல் பெருக்குங்கள், அதோடு புறப்பாடப் புள்ளியைக் கூட்டுங்கள். ஏ என்றால் 4.00, ஏ மைனஸ் 3.67, பி பிளஸ் 3.33.

உங்கள் மகளுக்கு மூன்று விதமாகப் போட்டுப் பார்ப்போம். நான்கும் ஏ வந்தால் 4.00, கல்விக்கு முழு 90, புறப்பாடம் 7.6, மெரிட் 97.6. வேதியியல் மட்டும் ஏ மைனஸில் நின்றால் 3.92, கல்விக்கு 88.2, மெரிட் 95.8. வேதியியல் பி பிளஸ், உயிரியல் ஏ மைனஸ் என்று இறங்கினால் 3.75, கல்விக்கு 84.38, மெரிட் 91.98. கீழே 92, மேலே 97.6. மகளின் இடம் இதற்குள்தான் எங்கோ இருக்கிறது.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு ஏ மைனஸ் என்பது மெரிட்டில் 1.8 புள்ளி நட்டம். புறப்பாடத்தில் 7.6 வைத்திருப்பவருக்கும் 9.4 வைத்திருப்பவருக்கும் உள்ள இடைவெளியும் அதே 1.8தான். ஆறு மாதம் வேதியியலோடு மல்லுக்கட்டிப் பிடிக்கும் புள்ளியைச் சனிக்கிழமைக் காலை அணிவகுப்புக்குப் போகாமல் விட்டுவிடுகிறார்கள் பிள்ளைகள். 4.00 வாங்கியும் புறப்பாடம் 7 என்றால் மெரிட் 97, 3.92 வாங்கிப் புறப்பாடம் 9.5 என்றால் 97.7. முன்னவர் பின்னால் போய்விடுகிறார்.

அடுத்து, ஒப்பிட வேண்டிய எண். யு.பி.யு.வின் இ-பண்டுவான் என்ற இணைய வழிகாட்டிப் பக்கத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் முந்தைய சேர்க்கையின் சராசரி மெரிட் போட்டிருக்கும். இதைப் பார்த்துத்தான் பெற்றோர் பலர் ஏமாறுகிறார்கள். அது சராசரி, அதற்குக் கீழே கதவு மூடப்படும் என்று பொருளில்லை. இடம் கிடைத்தவர்களில் ஒரு பகுதியினர் அந்த எண்ணுக்குக் கீழேதான் இருந்திருப்பார்கள். ஆனால் மருத்துவம் மாதிரிப் படிப்பில் சராசரியே உச்சியை ஒட்டி இருப்பதால், சராசரிக்கும் கடைசியாக எடுத்தவருக்கும் இடைவெளி சுருங்கிவிடும். 98 சராசரி உள்ள இடத்தில் 97.5 என்றால் முயலலாம். 92 என்றால் அந்த வரிசையை வீணாக்குகிறோம். சராசரி 85 உள்ள படிப்பில் 80 உள்ளவருக்கும் வாய்ப்பு இருக்கலாம்.

ஆக, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவம் பற்றி எங்கள் கணிப்பு: இப்போதிருக்கும் நிலையில் மெல்லிய வாய்ப்பு. 4.00 வந்து புறப்பாடமும் 9ஐத் தொட்டால் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்படும் வாய்ப்பு உண்மையாகவே உண்டு. எஸ்.டி.பி.எம்.மில் முழு 4.00 வாங்குபவர்கள் அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் பேர், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இன்னொரு படிப்பான மெட்ரிகுலேஷனிலிருந்தும் 4.00ஓடு வருபவர்கள் அதே இடங்களுக்குத்தான் நிற்கிறார்கள். அதனால் 4.00 நுழைவுச் சீட்டு, இருக்கை இல்லை.

இப்போது செய்யக்கூடியவை. முதல் வேலை வேதியியல் முதல் தவணைத் தாளை மறுபடி எழுதுவது. மூன்றாம் தவணையை ஒட்டி, முதல் இரண்டு தவணைத் தாள்களையும் மறுதேர்வாக எழுத வாய்ப்பு உண்டு. இரண்டில் உயர்ந்த மதிப்பெண்ணையே எடுப்பார்கள், குறைந்தால் பழையது நிற்கும். பதிவுக்குக் கெடு உண்டு, பள்ளி வழியாகத்தான் செய்ய வேண்டும். இந்த வாரமே ஆறாம் படிவப் பொறுப்பாசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள். முதல் தவணை வேதியியல் என்பது அணு அமைப்பு, பிணைப்பு, வினைவேகம், சமநிலை. அதில் அயனிச் சமநிலையும் கட்டச் சமநிலையும்தான் பெரும்பாலானவரைக் கவிழ்க்கும் இரண்டு இடங்கள். மகளிடம் பழைய தாளை எடுத்து எந்தக் கேள்வியில் விட்டாள் என்று பார்க்கச் சொல்லுங்கள். உயிரியல் முதல் தவணை ஏ மைனஸ்தான், அதை எழுதலாமா என்று அவள் கேட்கக்கூடும். மூன்றாம் தவணைக்குக் கரிம வேதியியலும் மரபியலும் குவிந்து கிடக்கும்போது மூன்று மறுதேர்வு எழுதுவது எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். ஒன்று போதும், அது வேதியியல்.

பெங்காஜியான் அம்மைச் சும்மா விடாதீர்கள். அறிவியல் பிள்ளைகள் அதைச் 'சைடு பாடம்' என்று ஒதுக்குவது எங்களுக்குப் புரிவதே இல்லை. நான்கில் ஒரு பங்கு அது; அங்கே விழும் ஏ மைனஸும் அதே 1.8 புள்ளியைத்தான் தின்னும்.

புறப்பாடப் புள்ளி எப்படி வந்தது என்று பாருங்கள். சீருடை இயக்கம், மன்றம், விளையாட்டு என்ற மூன்றிலும் வருகை, பதவி, ஈடுபாடு, போட்டியில் கலந்துகொண்ட நிலை, வெற்றி எல்லாம் தனித்தனியாகப் பதிவாகும். பள்ளி நிலையைவிட மாவட்டம், அதைவிட மாநிலம், தேசியம் என்று புள்ளி ஏறும். தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இங்கேதான் அடி: மதியம் பஸ் போய்விடும் என்று புறப்பாடத்துக்கு நிற்காமல் வந்துவிடுவார்கள், வருகைப் புள்ளி கரையும். இன்னொன்று, சான்றிதழ் வீட்டு அலமாரியில் இருக்கும், பதிவில் இருக்காது. திருக்குறள் போட்டி, மாவட்டப் பேச்சுப் போட்டி, செம்பிறைச் சங்க அணிவகுப்பு என எதில் கலந்திருந்தாலும் சான்றிதழ்களின் நகலைப் புறப்பாட ஆசிரியரிடம் கொடுத்து, எவை பதிவாகியிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்லுங்கள். கோவில், இளைஞர் மன்றம் நடத்திய போட்டிகள் பள்ளியின் வழி பதிவாகாவிட்டால் கணக்கில் வராமல் போகலாம். அதையும் அவரிடமே கேளுங்கள். 7.6 என்பது கடைசிச் சொல் அல்ல என்றுதான் தோன்றுகிறது.

மூவெட் என்ற ஆங்கிலத் தேர்வை மறந்துவிடாதீர்கள். எத்தனை மெரிட் இருந்தாலும், படிப்பு கேட்கும் பேண்டு (தர நிலை) இல்லையென்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். ஆண்டில் ஒரு முறைக்கு மேல் நடக்கும் தேர்வு அது. குறைவாக இருந்தால் அடுத்த அமர்வுக்கு இப்போதே பதியட்டும்.

யு.பி.யு.வில் 12 படிப்புகளைத் தேர்ந்தெடுக்கலாம். பன்னிரண்டையும் மருத்துவமாகப் போட்டு எதுவும் இல்லாமல் நிற்கும் பிள்ளைகள் ஒவ்வோராண்டும் இருக்கிறார்கள். மருத்துவத்தை மூன்று அல்லது நான்கு இடங்களோடு நிறுத்துங்கள். மலாயாவோடு மட்டும் நிற்காமல் செராஸில் இருக்கும் யு.கே.எம்., குபாங் கெரியானில் இருக்கும் யு.எஸ்.எம்., செர்டாங் யு.பி.எம். ஆகிய பல்கலைக்கழகங்களையும் பாருங்கள். அடுத்த நான்கைந்து இடங்களுக்கு, மகளின் மெரிட் சராசரியை ஒட்டி வரும் படிப்புகள்: மருந்தகவியல், உயிர்மருத்துவ அறிவியல், உணவுமுறையியல் போன்றவை. கடைசி மூன்றுக்கு, மெரிட் தாராளமாக மிஞ்சும் படிப்புகள்; ஆனால் கிடைத்தால் போய்ப் படிக்கத் தயாராக இருப்பவையாக இருக்கட்டும். பட்டியலில் # குறி உள்ள படிப்புக்கு நேர்முகத் தேர்வோ சோதனையோ உண்டு. அந்தக் குறி உள்ளவற்றை மட்டும் நிரப்பாதீர்கள், அழைப்பு வராவிட்டால் மொத்தமும் போகும். யு.ஐ.டி.எம். பல்கலைக்கழகம் பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) உரியது, அதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். குடும்ப வருமானக் கட்டத்தில் சம்பளச் சீட்டில் உள்ளதையே எழுதுங்கள்.

மலாயாவில் சாத்து என்ற நேரடி வழியும் இருக்கிறது. அங்கே அரசு மானியம் இல்லை, முழுக் கட்டணம் கட்ட வேண்டும். உங்கள் வருமானத்தில் அது சுமையாகும். கடைசி நேர ஆசையில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்தியப் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டார்கள் என்ற பேச்சைப் பற்றி. மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ராக்களுக்கு 90, மற்றவர்களுக்கு 10 விழுக்காடு என்ற இன ஒதுக்கீடு உண்டு, அதில் வருத்தம் நியாயம்தான். பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் 2002 முதல் இன ஒதுக்கீட்டை எடுத்துவிட்டு மெரிட் முறை வந்தது. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் என்ற இரண்டு வெவ்வேறு தேர்வுகளின் புள்ளிகளை ஒரே அளவுகோலில் வைப்பது சரியா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. ஆனால் உங்கள் மகள் அந்தக் கேள்வி தீரும்வரை காத்திருக்க முடியாது. விண்ணப்பிக்கவே வேண்டாம் என்பது கெட்ட அறிவுரை.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தால், மனப்பாடம் செய்த பதில் வேண்டாம். மருத்துவம் ஏன் என்று கேட்டால் 'மக்களுக்குச் சேவை' என்று எல்லோரும் சொல்வார்கள். அவள் வளர்ந்த இடத்தில் பேசுவதற்கு நிறைய இருக்கிறது: மருந்து அடிக்கும் வேலையில் கையுறை போடாமல் நிற்பவர்கள், 2020 ஜனவரி 1இல் பராகுவாட் களைக்கொல்லி தடை செய்யப்பட்டதன் காரணம், எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ், நாற்பது வயதிலேயே இனிப்புநீர். மலாயிலும் ஆங்கிலத்திலும் இரண்டு நிமிடம் தடுமாறாமல் பேசப் பழகினால் போதும்.

ஏஜெண்ட் விஷயம். யு.பி.யு.வில் இடம் வாங்கித் தர யாராலும் முடியாது, பணம் கேட்டால் வெளியே காட்டுங்கள். வெளிநாட்டுக் கல்லூரி என்றால், மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று மன்றத்தின் இணையப் பக்கத்தில் நீங்களே பாருங்கள், ஏஜெண்டின் தாளில் வேண்டாம். அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் இங்கே பதிவு பெறத் தனித் தகுதித் தேர்வு எழுத நேரும். உள்ளூரில் பெடோங்கில் இருக்கும் எய்ம்ஸ்ட் போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் உண்டு, பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடன் அங்கே முழுக் கட்டணத்துக்கும் போதாது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவு வெளியாகி, எதுவும் கிடைக்கவில்லை என்றால் யு.பி.யு. மேல்முறையீடு உண்டு. சில நாள்களே திறந்திருக்கும், காலியிடம் உள்ள படிப்புகளுக்கே பலிக்கும். மருத்துவத்துக்கு அதை நம்பவேண்டாம். முடிவு வரும் வாரத்தில் இணைய வசதி உள்ள இடத்தில் மகள் இருக்கட்டும், தோட்டத்தில் லைன் இல்லாத வீட்டில் இருந்து கெடுவைத் தவறவிட்டுவிடக் கூடாது.