கோட்டிக்காரரை விடுங்கள், அண்ணாச்சி

கேள்வி: பெண்ணை நாசம் செய்து கொலையும் செய்கிறவன் கோட்டிக்காரனாக, அதாவது பைத்தியக்காரனாகத்தானே இருப்பான்? ஊருக்குள் திரிகிற அந்த மாதிரி ஆட்களைப் பிடித்து அடைத்துவிட்டால் என்ன?
— ஒரு வாசகர், வீரவநல்லூர்

பதில்: திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தனக்குத்தானே பேசிக்கொண்டு கிடப்பவர், அடுத்த டீக்கே யாருடைய கையையோ பார்த்திருக்கிறார். அவர் மேல் ஏன் பாய்கிறீர்கள், அண்ணாச்சி? 2018-ல் ‘பிள்ளை பிடிக்கிறவர்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். ஆளைப் பார்த்து முடிவு கட்டினால் இதுதான் நடக்கும்.

காமவெறியில் கொல்கிறவர்களில் பலர் நேரம் பார்க்கிறார்கள், தனியிடம் தேடுகிறார்கள், தடயத்தை அழிக்கிறார்கள். கோட்டி பிடித்தவருக்கு இவ்வளவு கணக்கு வருமா? சட்டமும் இதைத்தான் கேட்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவின்படி, செய்வது இன்னதென்றோ தப்பென்றோ புரியாத அளவுக்கு மனம் கெட்டிருந்தால்தான் விலக்கு. டாக்டர் சீட்டு மட்டும் போதாது.

அப்புறம் எது அவனைத் தள்ளுகிறது? 1983-ல் பிரிட்டனில் மக்கல்லக் என்ற மனநல மருத்துவரும் சகாக்களும், பலத்த காவலுள்ள மனநல மருத்துவமனையில் இருந்த 16 கொடூரக் குற்றவாளிகளை ஆராய்ந்தார்கள். (‘பார்த்தீர்களா, ஆஸ்பத்திரிதானே’ என்பீர்கள். அவர்களுக்கு இருந்தது ஆளுமைக் கோளாறு, அதாவது குணத்திலேயே ஊறிய கோணல்; சித்தப்பிரமை இல்லை.) 13 பேர் அந்தக் குற்றத்தை ஏற்கெனவே மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து அதில் சுகம் கண்டவர்கள். நினைப்பு சலிக்கச் சலிக்க, அதில் ஒரு துண்டை வெளியே செய்து பார்ப்பது: ஒரு பெண்ணின் பின்னாலேயே நடப்பது போல. ஒத்திகை என்றே சொல்லலாம். பதினாறே பேர், அதுவும் பிடிபட்ட பிறகு கேட்டது. அதனால் இதை எல்லார்க்கும் பொதுவிதியாக்க முடியாது.

எட்டிப் பார்க்கிறவனெல்லாம் கொலைகாரனாவதில்லை, ஆகிறவன் அபூர்வம். ஆனால் தாமிரபரணிப் படித்துறையில் குளிக்கிற பெண்களைச் செல்போனில் படம் எடுத்தவன் பிடிபட்டால் நாம் என்ன செய்கிறோம்? ‘வயசுப் பையன், போலீஸ் வரைக்கும் வேண்டாம்’ என்று திருநீறு பூசி அனுப்புகிறோம். ஒளிந்து பார்ப்பதும் பின்தொடர்வதும் 2013-லேயே தனிக் குற்றங்களாகிவிட்டன.

சரி, நீங்கள் அடைக்கச் சொன்ன பட்டியலில் அந்தப் பையன் இருக்கிறானா?