கேலிச்சித்திரத் தொகுப்பா, த்ரில்லர் நாவலா: எதை வாங்கலாம்?

மதுரை தமுக்கம் புத்தகத் திருவிழாவுக்கு 300 ரூபாயோடு போகிறேன், இரண்டில் எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

த்ரில்லரை இரவல் வாங்குங்கள். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் திருச்சி வருவதற்குள் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடும். அப்புறம் அலமாரியில் தூசிதான். முடிவு தெரிந்தும் மறுபடி இழுக்கிற நாவல் என்றால் மட்டும் காசு கொடுக்கலாம்.

கேலிச்சித்திரத்திலும் பார்த்து எடுக்க வேண்டும். அன்றன்றைய அரசியலைக் கிண்டலடித்தவை சீக்கிரம் புளித்துவிடும். அந்த அமைச்சர் யாரென்றே மறந்திருக்கும். மனுஷ குணத்தைக் கிண்டலடிப்பவைதான் நிற்கும். லக்கி லூக் என்ற காமிக்ஸ் நாயகனைப் பாருங்கள்: 1946இல் பெல்ஜிய ஓவியர் மோரிஸ் உருவாக்கிய பாத்திரம், கௌபாய் கதைகளையே நையாண்டி செய்வது. நம் பக்கத்துச் சிவகாசி லயன் காமிக்ஸ் தமிழில் போடுகிறது. அட்டை கிழிந்த பிறகும் எங்கள் வீட்டில் அதற்கு அடிதடி.