பெட்டி எதுவென்று தெரிந்த பிறகே ஆயில்: பழைய பிக்கப் கியர் பாக்ஸ் கேள்வி-பதில்

1976 ஃபோர்டு எஃப்-250 வாங்கியிருக்கிறேன். நான்கு கியர். விற்றவர் டி-18 என்றார், மெக்கானிக் என்.பி.435 என்கிறார். கழற்றாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு காந்தம் போதும். வண்டிக்கு அடியில் போய், கியர் பாக்ஸின் மேல்மூடியில் உள்ள மண்ணையும் கிரீஸையும் சுரண்டிவிட்டுக் காந்தத்தை வையுங்கள். கீழ்ப்பெட்டி இரண்டிலும் வார்ப்பிரும்புதான், அதில் வைத்துப் பார்த்துப் பயனில்லை. மேல்மூடியில் காந்தம் ஒட்டாவிட்டால் அது அலுமினியம், பெட்டி நியூ பிராசஸ் 435, அதாவது மெக்கானிக் சொன்ன என்.பி.435. ஒட்டினால் போர்க்-வார்னர் டி-18, அல்லது அதன் தம்பி டி-19. வண்டி மெல்ல உருளும்போது முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தால் டி-19. அதில்தான் முதல் கியருக்கும் சிங்க்ரோ (பற்சக்கரங்களின் வேகத்தைச் சமமாக்கிச் சத்தமின்றிச் சேரவைக்கும் வளையம்) உண்டு.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் முதல் கியரின் பல் விகிதத்தை, அதாவது பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒரு சுற்று வர எஞ்சினின் கிராங்க் எத்தனை சுற்று வருகிறது என்பதை, எண்ணிப் பாருங்கள். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, முதல் கியரில் போட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்துச் சுற்றுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு, அது 3 சுற்று வரும்வரை எண்ணவேண்டும். டி-18 (6.32) என்றால் கிராங்க் ஏறக்குறைய 19 சுற்று, 435 (6.69) என்றால் 20. எண்ணிக்கை 12-க்கும் 15-க்கும் நடுவே நின்றால், முதல் கியர் விகிதம் குறைந்த வகை உங்களிடம் இருக்கிறது.

கதவு ஸ்டிக்கரில் உள்ள குறியீட்டை மட்டும் நம்பாதீர்கள். வண்டி ஆலையிலிருந்து வந்த அன்று என்ன இருந்தது என்பதைத்தான் அது சொல்லும். இத்தனை வருஷத்தில் பெட்டி மாறியிருக்கலாம். கியர் குமிழில் உள்ள படமும் அப்படியே, யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம்.

1972 செவ்ரலே சி-10, எஸ்.எம்.465 பெட்டி. சிக்னலில் நின்று முதல் கியர் போட்டால் கரகரவென்று கத்துகிறது. சிங்க்ரோ போய்விட்டதா?

போவதற்கு முதல் கியரில் சிங்க்ரோவே கிடையாது. அந்த கியர் சாலைக்காகச் செய்யப்பட்டதும் அல்ல. அதன் விகிதம் 6.55. ஆக்ஸில் விகிதம் 4.10, டயர் 30 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், 3,000 ஆர்.பி.எம்.மில் முதல் கியரில் மணிக்கு 16 கிலோமீட்டர்தான் போகும். ஐட்லிங்கில், அதாவது 700-ல், மணிக்கு 4 கிலோமீட்டர்கூட வராது; ஆள் நடக்கிற வேகம். லோடு ஏற்றி மேட்டில் கிளம்ப, சேற்றிலிருந்து வெளியே வர, மரக்கட்டையை இழுக்க அது. காலி வண்டியை எப்போதும் இரண்டாவது கியரில் எடுங்கள். 3.58 விகிதம் தாராளமாகப் போதும், கிளட்சும் தேயாது.

நின்ற இடத்தில் முதல் கியரோ ரிவர்ஸோ தேவைப்பட்டால், கிளட்சை முழுக்க மிதித்து, லீவரை முதலில் இரண்டாவது கியருக்குள் தள்ளி, அங்கிருந்து முதலுக்கு எடுங்கள். இரண்டாவதின் சிங்க்ரோ உள்ளே சுழலும் பற்சக்கரங்களை நிறுத்திவிடும், சத்தம் வராது. ஓடும் வண்டியில் முதலுக்கு இறங்க டபுள் கிளட்ச்தான் வழி: கிளட்ச், நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்ஸிலரேட்டரை ஒரு அமுக்கு, மறுபடி கிளட்ச், கியர்.

இத்தனை செய்தும் கத்தினால் குற்றவாளி பெட்டி அல்ல. கிளட்ச் முழுக்க விடுபடவில்லை. பெடலின் வெற்று அசைவு சுமார் ஒரு அங்குலம் இருக்கவேண்டும். இரண்டு அங்குலம் சும்மா போகிறது என்றால் லிங்கேஜ் ராடைச் சரிசெய்யுங்கள். அசைவே இல்லாமலும் வைக்காதீர்கள். கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் அழுந்திச் சுற்றித் தீய்ந்துவிடும்.

கடையில் ஜி.எல்-5 கியர் ஆயில்தான் கிடைக்கிறது. ஊற்றலாமா?

ஆக்ஸிலுக்கு ஊற்றுங்கள், இந்தப் பெட்டிகளுக்கு வேண்டாம். ஜி.எல்-4, ஜி.எல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள். ஜி.எல்-5-ல் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். சிங்க்ரோ வளையம் பித்தளை இனத்து உலோகம், சில ஜி.எல்-5 ஆயில்கள் சூட்டில் அதை அரிக்கும். வளையம் பற்சக்கரத்தின் கூம்பைப் பிடிக்க உராய்வும் வேண்டும், அதிக வழுக்கல் இருந்தால் பிடிக்காது. நான்கு கியர் இரும்புப் பெட்டிகளுக்கு 80டபிள்யூ-90 ஜி.எல்-4 வாங்குங்கள். 4 லிட்டர் போதும். ஊற்றும் துளையின் விளிம்பில் ஆயில் வழிந்தால் நிறுத்துங்கள். வண்டி சமதரையில் நிற்கவேண்டும்.

முக்கியமான ஒன்று: முதலில் மேலே உள்ள ஊற்றும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்துத் திரும்பாமல் இருக்கும்போது கீழே வடித்துவிட்டால், ஆயில் இல்லாத வண்டியோடு உட்கார்ந்திருக்கவேண்டும். வடித்ததில் சாம்பல் நிறக் களிம்பு இருந்தால் இயல்பு. பொன்னிற மினுக்கம் நிறைய இருந்தால் சிங்க்ரோ தேய்கிறது. விரலில் எடுக்கும்படி இரும்புத் துண்டு கிடைத்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

ஒரே இரைச்சல். பேரிங் என்கிறார்கள். எந்த பேரிங்?

காதாலேயே பிரித்துவிடலாம். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது இரைந்து, மிதித்ததும் நின்றால், சத்தம் பெட்டிக்குள்தான். மிதிக்கும்போதுதான் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். மிதித்து கியரில் போட்டு நிற்கும்போது மட்டும் கீச்சிட்டால் பைலட் புஷ்; கிளட்சிலிருந்து பெட்டிக்குள் போகும் இன்புட் ஷாஃப்டின் முனையை எஞ்சின் பக்கம் தாங்குவது அது.

உள்ளே என்றால் ஓட்டிப் பாருங்கள். நான்காவது கியர் நேரடி இணைப்பு, பெட்டிக்குள் இணையாகக் கீழே இருக்கும் கவுன்டர் ஷாஃப்ட் சுமையில்லாமல் சும்மா சுற்றும். முதல் மூன்றிலும் இரைந்து நான்காவதில் அடங்கினால் கவுன்டர் ஷாஃப்ட் பேரிங்கைப் பாருங்கள். நான்காவதிலும் அதே சத்தம் என்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங்.

1994 எஃப்-150, ஐந்து கியர். பெட்டியிலிருந்து சிவப்பு ஆயில் கசிகிறது. யாரோ தப்பாக ஊற்றிவிட்டார்களா?

சிவப்புதான் சரி. அது மாஸ்டா செய்த எம்.5.ஓ.டி., அலுமினியப் பெட்டி. அதற்கு மெர்கான் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான மெல்லிய ஆயில்) ஊற்றவேண்டும், சுமார் 3.6 லிட்டர். கெட்டியான கியர் ஆயில் ஊற்றினால் குளிர்காலக் காலையில் கியர் விழாது.

கசிவு பெரும்பாலும் மேல்மூடியின் பின்பக்கத்தில் உள்ள 3 ரப்பர் பிளக்குகளிலிருந்து வரும். காலப்போக்கில் அவை இறுகி வெளியே தள்ளும். கேபினுக்கு அடியில் மறைந்திருப்பதால் கண்ணில் படாது. ஆயில் குறைவது தெரியாமல் ஓட்டி, பேரிங் எரிந்து செத்த பெட்டிகள் ஏராளம். பெட்டியைத் தாங்கும் கிராஸ் மெம்பரைக் கழற்றி, பெட்டியின் வாலை ஜாக்கில் தாங்கிச் சற்று இறக்கினால் கை போகும். ரப்பருக்குப் பதில் அதே அளவு எஃகு மூடிகளை சீலன்ட் தடவி அடித்துவிடுங்கள். ஆழமாக இறக்கினால் ஷிஃப்ட் கம்பியைத் தடுக்கும், விளிம்பு மட்டத்தில் நிறுத்துங்கள்.

நின்றுபோன டிரக்கை நியூட்ரலில் போட்டுக் கட்டி இழுத்து வரலாமா?

புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுங்கள். பின்சக்கரம் உருளும்போது பெட்டியிலிருந்து வெளியே வரும் மெயின் ஷாஃப்ட் சுற்றும், கவுன்டர் ஷாஃப்ட் நிற்கும். ஆயிலை மேலே வாரி இறைப்பது கவுன்டர் ஷாஃப்ட்தான்; அது நின்றால் மெயின் ஷாஃப்ட் ஆயிலில்லாமல் சுற்றும். கழற்றவேண்டியது நாலு போல்ட், ஒரு யூ-ஜாயின்ட். ஜாயின்டின் கப்புகள் விழுந்துவிடாமல் டேப் சுற்றி வையுங்கள்.