குறட்டை விட்ட பழிதேவதைகள்

கேள்வி: கிரேக்கப் புராணத்தில் எரினியர் என்று மூன்று பழிதேவதைகள் உண்டாம். தலையெல்லாம் பாம்பு, கண்ணில் ரத்தம். பாவிகளைத் தூக்கமே இல்லாமல் துரத்துவார்களாம். நம் நாட்டுக்கும் அப்படி மூன்று பேர் வந்தால் என்ன? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: தூக்கமே இல்லாமலா? யார் சொன்னது? கி.மு. 458-ல் கிரேக்க நாடக ஆசிரியர் அஸ்கிலஸ் அவர்களை ஏதென்ஸில் மேடையேற்றினார். நாடகம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பார்த்தால், டெல்ஃபி கோயிலில் அத்தனை பேரும் குறட்டை! தாயைக் கொன்ற ஒரெஸ்டஸ் அதே கோயிலில்தான் இருக்கிறான். செத்துப்போன தாய் கிளைடெம்னெஸ்ட்ராவே ஆவியாக வந்து எழுப்புகிறாள். ஒரு முனகல். திட்டுகிறாள். இன்னொரு முனகல். அப்புறம் தூக்கத்திலேயே "பிடி, பிடி" என்று கத்துகிறார்கள். அவன் அதற்குள் ஏதென்ஸுக்குக் கிளம்பியாயிற்று. புகார் கொடுத்தவர் செத்த பிறகும் நேரில் வந்து நிற்க வேண்டிய ஸ்டேஷன் இது. நமக்குப் புதிதாக எதற்கு?

ஏதென்ஸில் அவனுக்கு விசாரணை. அதில் எல்லைத் தகராறும் உண்டு. "என் தாய் தன் புருஷனைக் கொன்றாளே, அவளை ஏன் துரத்தவில்லை?" என்று ஒரெஸ்டஸ் கேட்கிறான். புருஷன் ரத்த உறவு இல்லையாம், அதனால் இவர்கள் கேஸ் இல்லையாம். சரி, அந்தப் புருஷன் அகமெம்னான், கப்பல் கிளம்பக் காற்று வேண்டும் என்று பெற்ற மகள் இஃபிஜீனியாவைப் பலி கொடுத்தானே? அது சொந்த ரத்தம்தானே? விசாரணை முழுக்க அந்தப் பெண்ணின் பேரை ஒருவரும் எடுக்கவில்லை. வாதி, பிரதிவாதி, நீதிபதி, ஒருவரும்! எனக்கு ஆத்திரமே அங்கேதான்.

ஒரெஸ்டஸுக்காகப் பேசுவது அப்பல்லோ என்ற கடவுள். தாய் பெற்றவளே இல்லை, தகப்பன் போட்ட விதையைக் காப்பாற்றித் தருபவள் என்று வாதம். அத்தாட்சி? தாயில்லாமல் அப்பன் தலையிலிருந்து பிறந்த தேவி ஏதீனா. விசாரணையை நடத்துவதும் அவளேதான். ஓட்டு சரிபாதி, ஆசாமி விடுதலை. வக்கீல்களை நான் வம்புக்கு இழுக்கிறேன் என்று மாதம் தவறாமல் எழுதும் வக்கீல் நண்பர், இந்தத் தடவை அப்பல்லோவிடம் பேசிக்கொள்ளட்டும்.

தோற்றவர்கள் சும்மா போகவில்லை. ஊரின் விளைச்சலை நாசமாக்குவோம் என்று மிரட்டினார்கள். ஏதீனா குடியிருக்க இடம், பூஜை, தீவட்டி ஊர்வலம் எல்லாம் கொடுத்துச் சமாதானம் செய்தாள். பழிதேவதைகள் அன்றிலிருந்து ஊர்க்காவல் தெய்வங்கள். மிரட்டினால் பதவி கிடைக்கும் என்பதை யாரிடம் படித்தார்களோ!

அஸ்கிலஸ் பற்றி இன்னொன்று. சிசிலியில் ஒரு கழுகு அவருடைய வழுக்கையைப் பாறை என்று நினைத்து ஆமையைப் போட்டதால் செத்தார் என்று கதை. நான் இதை நம்பவில்லை. வெயிலில் தொப்பி மட்டும் போட்டுக்கொள்கிறேன். அவரே எழுதி வைத்ததாகச் சொல்லப்படும் கல்லறை வரிகளில், மாரத்தான் போரில் பாரசீகர்களோடு மோதிய வீரம்தான் இருக்கிறது. நாடகங்களைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. வாங்கிய விருதையெல்லாம் லெட்டர்பேடில் அச்சடித்து, அதில் ஒன்றரைப் பக்கக் கதை அனுப்புகிறவர்கள் கவனிக்க.