செல்லுக்குத் தீனி கூடினால் மருந்தும் கூடுமா?

கேள்வி: பல புரத மருந்துகளைச் சீன வெள்ளெலியின் செல்களை வளர்த்துத்தான் எடுக்கிறார்களாமே. ஊட்டத்தை அள்ளிக் கொட்டினால் செல்கள் தாராளமாகப் பெருகி மருந்தும் நிறையக் கிடைக்காதா?

பதில்: அப்படி நினைத்துக் கொட்டினால் செல்கள் சீக்கிரமே சுணங்கிவிடும். இவை 1950-களில் அமெரிக்க விஞ்ஞானி தியோடர் பக் பிரித்தெடுத்த சினைப்பைச் செல்களின் வழிவந்தவை. சர்க்கரை மிஞ்சினால், ஆக்சிஜன் இருந்தாலும் அதை முழுக்க எரிக்காமல் லாக்டேட் என்ற கழிவாக வெளியே தள்ளும். செல்கள் வளரும் ஊட்டத் திரவம் அமிலமாகும், பிஹெச்சை 7 பக்கம் நிறுத்தக் காரம் ஊற்றுவோம், உப்புச்செறிவு ஏறும், செல்லுக்கு அதுவும் ஆகாது. அதனால்தான் சர்க்கரையைக் குறைவாக வைத்து, தீரத் தீரக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுகிறார்கள்.

ஊட்டத்தில் சேர்க்கும் குளுட்டமின் என்ற அமினோ அமிலம்தான் பெரிய தொல்லை. செல் தின்றாலும் அமோனியா, தின்னாமல் 37 டிகிரியில் சும்மா கிடந்தாலும் தானே சிதைந்து அமோனியா! அது வளர்ச்சியை மட்டுமா கெடுக்கிறது, புரதத்தின் மேல் ஒட்டும் சர்க்கரைச் சங்கிலிகளையும் மாற்றிவிடும், மருந்தின் தரமே போச்சு. குளுட்டமினைத் தானே தயாரித்துக்கொள்ளும்படி மாற்றிய செல்களை வைத்தால் இந்தத் தலைவலி பெருமளவு குறையும்.

சரி, பெருகினால் மட்டும் போதுமா? செல்கள் போதுமான அளவு சேர்ந்ததும் வெப்பத்தை 32, 33 டிகிரிக்கு இறக்குவதுண்டு. பெருக்கம் மட்டுப்படும், ஆனால் அதிக நாள் உயிரோடிருக்கும், பெரும்பாலும் ஒவ்வொரு செல்லும் கூடுதலாகப் புரதம் சுரக்கும். எல்லா செல்வரிசைக்கும் (ஒரே மூலத்திலிருந்து பெருக்கிய செல் கூட்டத்துக்கும்) இது பலிக்காது, முதலில் சின்னக் கலனில் பார்த்துவிட வேண்டும்.

அப்புறம், செல்களுக்கு ஆக்சிஜன் தர ஊதும் காற்றின் குமிழி. மேலே வந்து வெடிக்கும்போது பக்கத்திலுள்ள செல்லைக் கிழித்துவிடும், அதைத் தடுக்கத்தான் போலாக்சமர் 188 என்ற பாதுகாப்புப் பொருளைச் சேர்க்கிறார்கள்.